ராக் கச்சேரிக்கு வரும் நிருபர் பாட்டையும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்தவன். இன்றும் அங்கிருந்துதான் தினமும் ரயிலில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு எலக்ட்ரீஷியனாக வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் பெட்டியில் உங்கள் பேப்பர் மாலூர் வருவதற்குள் நாலு கை மாறிவிடும்.

சமீபத்தில் நகரில் நடந்த ஒரு ராக் கச்சேரியைப் பற்றி உங்கள் நிருபர் எழுதியிருந்தார். எந்தச் சாலையில் வண்டிகள் நின்றன, எத்தனை போலீஸார் வந்தார்கள், பிள்ளைகள் என்ன பச்சை குத்தியிருந்தார்கள், வாசலில் எத்தனை பீர் பாட்டில் கிடந்தது எல்லாம் விவரமாக இருந்தது. அதுவும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் யார் என்ன பாடினார்கள் என்று ஒரு வரி இல்லை. "காது கிழியும் கூச்சல்" என்பதோடு முடிந்துவிட்டது. மார்கழிக் கச்சேரிக்குப் போனால் எந்த ராகத்தை எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தார் என்று எழுதுகிறீர்கள். சினிமாப் பாடகர் மேடை ஏறினால் எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் அதிகம் என்று எழுதுகிறீர்கள். ராக் என்றால் மட்டும் ஏன் வாசலோடு திரும்பிவிட வேண்டும்? அந்தக் கூச்சல் என்று சொல்லப்படுவதில் ஒரு மனிதரின் குரலைப் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அவரைப் பற்றிச் சொன்னால் நான் எதைக் கேட்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் ப்ரூஸ் டிக்கின்சன். இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர்.

1986-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா சாம்பியன் ரீஃப் மைன்ஸில் டிரில்லிங் ஆள். பள்ளி விடுமுறையில் என்னை ராபர்ட்சன்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் விட்டிருந்தார்கள். கடை நடத்தியவர் ஓர் ஆங்கிலோ இந்திய அண்ணன். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கும் கல்யாணங்களுக்கும் கிடார் வாசிப்பார். கடையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர். எரிந்துபோன காயிலை உளியால் வெட்டி எடுப்பது, ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது எல்லாம் பாட்டோடுதான் நடக்கும். அண்ணன் போட்ட டேப்புகளில் பெரும்பாலானவை எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஒருநாள் ஒரு டேப்பில் முதலில் மணி அடித்தது. கோயில் மணி மாதிரி, நிதானமாக. பிறகு ஒருவர் மிகத் தாழ்ந்த குரலில், பேசுவதுபோலப் பாட ஆரம்பித்தார். அண்ணன் கதை சொன்னார்: தூக்குத் தண்டனைக் கைதி ஒருவன், விடிந்தால் தூக்கு, பாதிரியார் கடைசி ஜெபத்துக்கு வருகிறார். அந்தத் தாழ்ந்த குரல் கொஞ்ச நேரத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போய் அங்கேயே நின்றது. எங்கள் மைன்ஸில் ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கு எப்படி ஊர் முழுக்க ஒரே சீராகப் பரவுமோ அப்படி நின்றது. நான் சுற்று எண்ணிக்கையை விட்டுவிட்டு அதைக் கேட்டேன். அண்ணன் திட்டவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

1982-இல் வந்த அந்த 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பம்தான் அயர்ன் மெய்டனோடு டிக்கின்சன் பாடிய முதல் ஆல்பம். குழுவை 1975-இல் கிழக்கு லண்டனில் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கினார். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. அவருக்குப் பதிலாக 1981-இல் டிக்கின்சன் வந்தார். அந்தப் பதிவைப் பற்றி ராக் ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச், ஆல்பத்தின் தலைப்புப் பாட்டின் முதல் நான்கு வரிகளை மட்டும் டிக்கின்சனைத் திரும்பத் திரும்ப, மணிக்கணக்கில் பாட வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "இன்னொரு முறை" என்பார். அந்த வரிகள் முடிந்ததும் வரும் பெரிய அலறல், அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த எரிச்சலும் களைப்பும் சேர்ந்து வந்தது. கூச்சல் என்று உங்கள் நிருபர் சொல்வதற்குப் பின்னால் இந்த அளவு உழைப்பு இருக்கிறது. நாலு வரிக்காக மணிக்கணக்கில் நின்றவரின் குரல் அது.

டேப்பை அண்ணன் எனக்கு ஒரு காலி கேசட்டில் பதிந்து கொடுத்தார். உறையின் ஜெராக்ஸும் கொடுத்தார். டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் வரைந்த எடி என்னும் அந்த எலும்பு முகத்தைப் பார்த்துத்தான் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. எங்கள் குடும்பம் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் குடும்பம். சபையில் யாரோ அம்மாவிடம், உங்கள் பையன் கேட்பது சாத்தான் பாட்டு, அதில் 666 என்று வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை, கத்தவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "அதைப் போடு, நான் கேட்கிறேன்" என்றார். போட்டேன். பாட்டுக்கு முன்னால் ஒரு கனத்த ஆண் குரல் ஏதோ வாசிக்கிறது. அது பைபிளிலிருந்துதான் என்று அண்ணன் சொல்லியிருந்ததால் அம்மாவிடம் வசன எண்ணைச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து, மிருகத்தின் எண் 666 என்று வரும் 18-ஆம் வசனத்தில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தார். பிறகு, "வேதத்தைத்தான் வாசிக்கிறான். ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு மேல இந்தச் சத்தம் வேண்டாம், உங்கப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்றார். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது. அமெரிக்காவில் இதே ஆல்பத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள் என்று பின்னால் படித்தபோது, லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வசனத்தைச் சரிபார்த்த என் அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பதிந்த கேசட்டில் பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் கிடையாது. அதனால் நானே எழுதினேன். நாற்பது பக்க நோட்டு, ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடி, எதிர்ப்பக்கம் அகராதியைப் பார்த்து ஆங்கிலத்தில். 'த ட்ரூப்பர்' பாட்டு 1854-இல் கிரிமியப் போரில் பலக்லவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் போய் மாண்டதைப் பற்றியது என்று நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். சரித்திரப் புத்தகத்தில் அரைப் பத்தியில் இருந்ததற்கு இங்கே குதிரையின் மூச்சு இருந்தது. பி.யு.சி. படிக்கும்போது ஆங்கில வகுப்பில் கோல்ரிட்ஜின் கிழ மாலுமி கவிதை வந்தது. விரிவுரையாளர் தலைப்பைச் சொன்னதும் நான் எழுந்து, ஆல்பட்ராஸ் பறவையைக் கொன்றது, காற்று நின்றது, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மாலுமிகள் ஒவ்வொருவராக விழுந்தது, பாம்புகளை வாழ்த்தியதும் சாபம் கழன்றது என்று முழுக் கதையையும் சொன்னேன். ஸ்டீவ் ஹாரிஸ் அந்தக் கவிதையைப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டாக ஆக்கியிருந்தார், 1984 ஆல்பத்தில். கோல்ரிட்ஜின் வரிகளே அதில் அப்படியே வரும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த என்னைப் பார்த்து விரிவுரையாளர், "எங்கே படித்தாய்?" என்று கேட்டார். காயில் கட்டும் கடையில் என்று சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம் போயிற்று. இன்று நான் ஜெர்மன் இயந்திரத்தின் கையேட்டை ஆங்கிலத்தில் படித்து ரிப்பேர் செய்கிறேன் என்றால் அந்த நோட்டுக்கு அதில் பங்கு உண்டு.

1993-இல் டிக்கின்சன் குழுவை விட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே மாதக்கணக்கானது. அந்த இடைப்பட்ட வருடங்களில் அவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1994 டிசம்பரில், போர் நடந்து குண்டு விழுந்துகொண்டிருந்த போஸ்னியாவின் சராயேவோ நகருக்குள், முற்றுகையைத் தாண்டி, லாரியில் மலைப்பாதை வழியாகத் தன் இசைக்குழுவோடு போய்ப் பாடிவிட்டு வந்தார். அங்கே மின்சாரம் இல்லை, சாப்பாடு இல்லை, ஆனால் பாட்டு கேட்க வந்தவர்கள் இருந்தார்கள்.

1999-இல் அவர் அயர்ன் மெய்டனுக்குத் திரும்பினார். 2000-இல் புது ஆல்பம் வந்தது. எங்கள் ஊருக்கு அது நல்ல காலமில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் தங்கம் எடுத்த ஊர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் இறங்கி வேலை பார்த்த சாம்பியன் ரீஃபில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அப்பா காலையில் எழுந்து, போகப் போவதில்லை என்று தெரிந்தும் பூட்ஸை எடுத்துத் துடைத்து வைப்பார். அவருக்கு அதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கல்தூசி நெஞ்சில் படிந்த சிலிகோசிஸ். எங்கள் தெருவில் பல வீடுகளில் அது இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் விடியற்காலை ரயில் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். காதில் இயர்போனோடு நானும் ஏறினேன்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. அயர்ன் மெய்டன் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்து, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பாடினார்கள். டிக்கெட்டுக்காக ஓவர்டைம் பார்த்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஜெயமஹால் வழியாக நடந்தால், வழி நெடுகக் கறுப்பு பனியன். ஷில்லாங்கிலிருந்தும் திமாப்பூரிலிருந்தும் ரயிலில் நாட்கணக்கில் பயணம் செய்து வந்த பையன்கள் இருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த கல்லூரிக் கூட்டம் ஒன்று என் பக்கத்தில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு நின்றது, எந்தப் பாட்டு முதலில் வரும் என்று. ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் பாடினார். நம் டெல்லியின் பரிக்ரமா குழுவும் வாசித்தது. அன்றைக்கே மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பையில் இந்தியாவும் வங்கதேசமும் ஆடிக்கொண்டிருந்தன. மைதானத்தில் ஒருவர்கூட ஸ்கோர் கேட்டு நான் பார்க்கவில்லை. அதிலிருந்தே உங்களுக்குப் புரிய வேண்டும்.

அப்புறம் அவர் வந்தார். அப்போது அவருக்கு 48 வயது. ஸ்பீக்கர் மேல் ஓடி ஏறுகிறார், குதிக்கிறார், மேடையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடிக்கொண்டே பாடுகிறார். நான் வேலை ரீதியாக எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பவன், அதனால் அவர் மூச்சைத்தான் கவனித்தேன். பெரிய சுருதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறார். ஒரு காலை முன்னால் இருக்கும் மானிட்டர் பெட்டி மேல் வைக்கிறார். முழங்கால் லேசாக மடிகிறது, வயிறு உள்ளே போகிறது, தோள் ஏறுவதே இல்லை. மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிக்கிறார். குரல் வெடித்துக் கிளம்பும்போதுதான் அந்த விலக்கம் ஏன் என்று புரிகிறது. அந்தச் சுருதி முடியும் இடத்திலும் மூச்சு மிச்சம் இருக்கிறது, ஏனென்றால் உடனே அடுத்த வரியை எடுக்கிறார். வீட்டில் நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பாவின் நினைவு எனக்கு வந்தது. நெஞ்சில் காற்று முழுசாகப் போய் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டில் கிடார் தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். அதற்கு வார்த்தை கிடையாது. ஆனால் மைதானம் முழுக்க அந்த மெட்டைப் பாடியது. நாகாலாந்துப் பையனும் நானும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினோம், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. கடைசியாக, கடையில் கேட்ட அதே மணி அடித்தது. கைதி, பாதிரியார், தூக்கு மேடை. அந்த நீண்ட சொல்லை அவர் எடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, கேட்டேன். 1982-இல் டேப்பில் எங்கே நின்றாரோ அங்கேயே நின்றார்.

ராத்திரி ரயில் இல்லை. கன்டோன்மென்ட் பிளாட்பாரத்திலேயே படுத்தோம். விடியற்காலை டீக்கடையில், இந்தியா 191 ரன்னுக்கு ஆல் அவுட், வங்கதேசம் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது என்று டீ ஆற்றுபவர் துக்க வீட்டில் சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அவருக்கு எங்கள் மேல் கோபம்.

2008 பிப்ரவரி 1-ஆம் தேதி அவர்கள் மும்பையிலிருந்து உலகப் பயணம் தொடங்கினார்கள், எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி ஒன்று மட்டும். குழு, வேலையாட்கள், பல டன் சாமான்கள் அத்தனையும் ஒரே போயிங் 757 விமானத்தில் போயின. அதை ஓட்டியவர் டிக்கின்சன். பாட்டு பாடிச் சம்பாதித்த பிறகு விளையாட்டுக்கு ஓட்டுபவர் அல்ல, ஒரு விமான நிறுவனத்தில் முறைப்படி பயணிகள் விமானியாக வேலை பார்த்தவர். வாள் சண்டையில் போட்டிகளில் கலந்துகொண்டவர். லண்டனில் கல்லூரியில் சரித்திரம் படித்தவர். ராக் பாடகர் என்றாலே போதையும் தறுதலையும்தான் என்று எழுதும்போது இப்படியும் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

2009 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே அரண்மனை மைதானம். இந்த முறை காயில் கடை அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். கடையை மூடிவிட்டு மகள் வீட்டில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "அந்தக் கூட்டத்தில் எனக்கு எதுக்குடா" என்று ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். சர்ச்சிலின் பழைய வானொலிப் பேச்சோடு கச்சேரி தொடங்கியது, உடனே விமானப்படை வீரர்களைப் பற்றிய பாட்டு. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று அந்தக் கிழ மாலுமி பாட்டையும் முழுசாகப் பாடினார்கள். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, கப்பல் மரம் முனகும் சத்தம் மட்டும் கேட்கும் ஒரு பகுதி உண்டு. அத்தனை பெரிய கூட்டம் அமைதியாக நின்றது. அண்ணனின் இடது கை விரல்கள் அவர் தொடையின் மேல் கிடார் கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொரு கார்டாக மாறி மாறி. முடிந்ததும், "டேப்பு தேஞ்சு போச்சுடா, இவன் தேயலை" என்றார். அவர் அதற்கு மேல் அந்தக் கச்சேரியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம்தான் ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டரில் டிக்கின்சனைப் பற்றிப் படித்தேன். 1958-இல் வர்க்சாப் என்ற ஊரில் பிறந்தார். அம்மா அப்பாவுக்கு மிகச் சின்ன வயது, அதனால் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். தாத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, கீழே இறங்கி நிலக்கரி வெட்டியவர். இதை நான் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அத்தனை வருடமும் என் பாட்டில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை அடி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நிலக்கரின்னா கேஸ் வருமே. நமக்குக் கல்லு வெடிக்கும், சூடு. அவங்களுக்கு கேஸ்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தப் பையன் பாட்டைப் போடு" என்றார். மகன் வயதைத் தாண்டிய டிக்கின்சன் அவருக்கு அன்றிலிருந்து அந்தப் பையன்தான். தூக்குக் கைதி பாட்டைப் போட்டேன். நீண்ட சுருதி வந்தபோது அப்பா கையை உயர்த்தி, அது முடியும்வரை இறக்காமல் வைத்திருந்தார். "நெஞ்சு நல்லா இருக்கு அவனுக்கு" என்றார். எந்த விமர்சகரும் எழுதிய எதையும்விட நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

அப்பா 2013-இல் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் ரயிலில் போனில் செய்தி பார்த்தேன்: டிக்கின்சனுக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோதெரபியும் அப்போதுதான் முடிந்திருந்தன. பாடுகிறவருக்குத் தொண்டையிலேயே. அன்று வேலையில் என் கை ஓடவில்லை. மே மாதம் குணமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் புது இரட்டை ஆல்பம் வந்தது. அது 2014-இல் பாரிஸில் பதிவானது, அதாவது நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால், கட்டி தொண்டையில் இருக்கும்போதே பாடியது. அதில் கடைசிப் பாட்டு அவரே எழுதியது, பியானோவும் அவரே வாசித்தது, பதினெட்டு நிமிடம். 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கிக் கிளம்பிய ஆர்101 என்னும் ராட்சத ஆகாயக் கப்பல், பிரான்ஸில் போவே நகருக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்த கதை. கப்பலில் இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். நம் நாட்டுக்கு வர வேண்டியிருந்த அந்தக் கப்பலைப் பற்றி எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. என் மகள் இந்தப் பாட்டின் ஆரம்பப் பியானோவைக் கீபோர்டில் தானாகவே கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகியிருக்கிறாள். அடுத்த ஆண்டு, தொண்டையில் கதிர்வீச்சு வாங்கிய அதே மனிதர், பெரிய போயிங் 747 ஓட்டக் கற்று, அதை ஓட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பாடினார். அந்தக் கச்சேரிகளின் பதிவைக் கேட்டேன். குரலில் லேசான கரகரப்பு, மேல் சுருதியில் கொஞ்சம் கூடுதல் முயற்சி தெரிகிறது. இருந்தாலும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

ஐயா, நான் கேட்பது பெரிய விஷயமல்ல. போக்குவரத்தைப் பற்றி எழுதுங்கள், குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் அதையும் எழுதுங்கள். கூடவே பாட்டுக்கு நாலு பத்தி கொடுங்கள். என்ன பாடினார், குரல் எப்படி இருந்தது, யார் எங்கிருந்து கேட்க வந்தார்கள் என்று எழுதுங்கள். தமிழில் இதைப் படிக்க ஆள் இருக்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். தங்கவயலில் கிளப்புகளிலும் கிறிஸ்துமஸ் டான்ஸ்களிலும் கிடாரும் டிரம்ஸும் வாசித்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்களும் தமிழர்களும், இன்னும் சிலர் இருக்கிறார்கள். பகலில் மைன்ஸில் ஃபிட்டர், ராத்திரியில் டிரம்மர் என்று இருந்தவர்கள். எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பற்றித் தமிழ்ப் பேப்பர் எதிலும் நான் படித்ததில்லை. உங்கள் ஞாயிறு இணைப்புக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினால் வீடு வீடாக நானே அழைத்துப் போகிறேன். இந்தக் கோடை தாண்டுவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்.